முட்டுக்கட்டை போடுவோம்

நல்ல காரியம் ஒன்று நடக்கும்போது குறுக்கே நின்று தடுப்பவரை "முட்டுக்கட்டை போடுகிறார்" என்று ஏசுவது நம் நாட்டு வழக்கு. நமது மகாசபைக் கூட்டங்களிலும் இச்சொல் அடிக்கடி அடிபடுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டைக்கு நாம் அநீதி இழைத்து வருகிறோம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமை தெரியும். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். தேரைச் சேதமின்றி நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்களோ, சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடும் சிலரே. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை ஏறக்குறைய 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு இருந்தும், வீதி முனையில் தேர் திரும்பும்போது கட்டை போடும் ஆள் இல்லாமல் காரியம் நடப்பதில்லை.

தேருக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நம் சங்கத்தின் களத்தில் வந்து நிற்கும் லாரிக்கும் டிரெய்லருக்கும் நாம் காட்டுகிறோமா? இம்மாதம் அங்கத்தினர்கள் முன் நாம் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

கேள்வி திடீரென்று உதித்ததன்று. 2018-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். நிலக்கடலை வரத்தும் நூல் பட்டுவாடாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டன. கடலை மூட்டை ஏற்றிய நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றைக் களத்தின் மேட்டுப்புறத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, டிராக்டர் அடுத்த நடைக்குப் போய்விட்டது. போகும் அவசரத்தில் பின் சக்கரம் ஒன்றுக்கு மட்டும் ஓர் அரைச் செங்கல்லை வைத்துவிட்டுப் போனார் ஓட்டுநர். அரை மணி நேரம் வண்டி அசையாமல்தான் நின்றது. சுமையாட்கள் இருவர் மேலே ஏறி மூட்டையைப் புரட்டினார்கள். செங்கல் பொடிந்தது. வண்டி இறங்கியது. பதினைந்து அடி தூரம்கூட இராது. கீழே கிடங்குப் படிக்கட்டின் அருகே, பாவுநூல் சிப்பத்தை வாங்கிக்கொண்டு முதுகு காட்டி நின்றிருந்த நெசவாள அங்கத்தினர் ஒருவரின் வலது கால் படிக்கட்டுக்கும் வண்டிக்கும் இடையில் அகப்பட்டது.

உயிர் பிழைத்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டும் முறிந்தன. குழித்தறி நெய்பவருக்குக் கை எவ்வளவு முக்கியமோ கால் அவ்வளவு முக்கியம் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மிதியை மிதித்தால்தான் விழுது பிரியும். விழுது பிரிந்தால்தான் நாடா ஓடும். ஏழு மாதம் அந்த வீட்டில் தறி ஓடவில்லை. சங்கத்திலிருந்து கைமாற்றாக ஒரு தொகை கொடுத்தோம். அதுவும் பின்னால் கூலியில் பிடித்தமாகத்தான் கழிந்தது. விசாரணை ஒன்றும் நடந்தது. ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் காகிதத்தைக் கட்டி வைத்தாயிற்று.

அந்த முடிவு நமக்கு அன்றும் திருப்தி அளிக்கவில்லை, இன்றும் அளிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்த அரைச் செங்கல்லை நாமும் பார்த்தோம். களத்தில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்குப் பதிலாக எடுத்து வைக்க நம் சங்கத்தில் உருப்படியான கட்டை ஒன்றுகூட இருக்கவில்லை. இலட்சக்கணக்கான ரூபாய்க்குச் சரக்கு வந்து போகும் களத்தில், மரத்துண்டு நாலு இல்லாமல் போனதற்கு ஓட்டுநர் ஒருவரே பொறுப்பாளி என்று எழுதுவது எந்தக் கூட்டுறவு நீதி?

அரை மணி நேரம் அசையாது நின்ற வண்டி பின்பு ஏன் நகர்ந்தது என்று அன்று பலரும் வியந்தார்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மழைநீர் ஓடுவதற்காகக் களங்களுக்கு லேசான சாய்வு கொடுத்தே தளம் போடுகிறார்கள். அறுபது அடிக்கு ஓரடி சரிவு என்றால் கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். ஆனால் அச்சரிவில் 4 டன் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 67 கிலோ எடைக்குச் சமம். டயரும் தரையும் உராய்வதால் ஏற்படும் தடையும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. ஆகவே வண்டி நிற்பதுபோல் நிற்கும். யாராவது மேலே ஏறிக் குதித்தாலும், ஒருபுறத்து மூட்டைகளை மட்டும் இறக்கினாலும், அந்தச் சமநிலை கெட்டுவிடுகிறது. சரிவு இருபது அடிக்கு ஓரடி என்றிருந்தாலோ அதே வண்டியின் இழுப்பு 200 கிலோ. 10 டன் லாரியாயின் 500 கிலோ. இதைத் தோள்கொடுத்து நிறுத்த எந்தப் பயில்வானாலும் ஆகாது. அத்தகைய சரிவில் வண்டி பத்து மீட்டர் உருள்வதற்குள் வேகமாக நடப்பவனை முந்திவிடும். "நகர்ந்தால் பிடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் நண்பர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

"கைப்பிரேக் இருக்கிறதே, கட்டை எதற்கு?" என்பது எப்போதும் எழும் ஆட்சேபம். கைப்பிரேக் இருக்கத்தான் இருக்கிறது. அது நாளாவட்டத்தில் கம்பி நீண்டு தளரும், லைனிங் தேயும், எண்ணெய் கசிந்து ஊறினால் வழுக்கும். இவையெல்லாம் வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. கட்டையோ தெரிகிறது. சக்கரத்துக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்பதைக் களத்தில் நிற்கும் சிறுவன்கூடப் பார்த்துச் சொல்லலாம். இந்த ஒரு குணத்துக்காகவே அதை நாம் விரும்புகிறோம். டிராக்டரோடு பூட்டும் டிரெய்லர்களின் விஷயமோ இன்னும் மோசம். நம் பக்கத்தில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகப் பிரேக் என்பதே கிடையாது. டிராக்டரிலிருந்து பின்னைக் கழற்றிய கணமே அவை அநாதைகள்.

பெரிய இயந்திரங்களின் கதியும் இதுவே. 2013-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, கனடா நாட்டின் லாக்-மெகாந்திக் என்னும் சிற்றூரில் நடந்ததை அங்கத்தினர்களிற் சிலர் படித்திருக்கலாம். மேட்டில் நிறுத்தி வைத்த கச்சா எண்ணெய் ரயில் ஒன்று. 72 டாங்கி வண்டிகள். எஞ்சினில் தீ கண்டு அணைத்தபோது எஞ்சினையும் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் நின்றதும் காற்றுப் பிரேக்கின் அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்தது. கைப்பிரேக்குகள் போதிய அளவில் போடப்படவில்லை. நள்ளிரவுக்குப் பின் ரயில் தானே புறப்பட்டு, ஊர் நடுவே தடம் புரண்டு தீப்பிடித்தது. 47 பேர் மாண்டார்கள். நம் நாட்டிலேயே 2024 பிப்ரவரி 25 அன்று, ஜம்முப் பகுதியிலுள்ள கட்டுவா நிலையத்தில் நின்ற சரக்கு ரயில் ஒன்று ஓட்டுநர் இல்லாமலே கிளம்பி, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபில் உச்சி பஸ்ஸி அருகே வந்து நின்றது. அன்று யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டமே. ரயிலுக்கும் நம் கடலை வண்டிக்கும் இதில் வேற்றுமை எடையில்தான்.

இனி, கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மவர் வழக்கத்தில் கட்டையின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லாரி நின்றால் கிளீனர் குதித்து இறங்கிச் சாலையோரத்தில் அகப்படும் கல்லை எடுத்துச் சக்கரத்தில் அண்டக் கொடுக்கிறார். இதில் இரு குற்றங்கள் உள்ளன.

முதலாவது, கல் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. லாரிச் சக்கரம் ஏறக்குறைய 40 அங்குல விட்டம் உடையது. அதற்கு இரண்டங்குலக் கல் வைத்தால், அச்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான விசை தள்ளினாலே சக்கரம் அதன்மேல் ஏறி அப்பால் போய்விடும். எட்டங்குல உயரமுள்ள கட்டையாயின், பாரத்தைப் போல் ஒன்றேகால் பங்குக்கும் மேலான விசை வேண்டும். அப்படிப்பட்ட விசை களத்திலோ சாலையிலோ சாதாரணமாக எழுவதில்லை. அப்போது அஞ்ச வேண்டியது கட்டையின்மேல் சக்கரம் ஏறிவிடுமோ என்பதை அன்று. கட்டையே தரையில் சறுக்கிவிடுமோ என்பதைத்தான். ஆகையால் கட்டையின் அடிப்புறம் தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கவேண்டும். உருண்டைக் கல்லுக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. அது சக்கரத்தோடு சேர்ந்து தானும் உருள்கிறது. செங்கல்லின் யோக்கியதையை முன்னமே கண்டோம்.

இரண்டாவது குற்றம் இதனினும் பெரிது. வண்டி கிளம்பும்போது அந்தக் கல்லை யாரும் எடுப்பதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இறங்கி வருபவரை நினைத்துப் பாருங்கள். அன்னாசியோ பலாவோ ஏற்றிய லாரி இளைப்பாறிவிட்டுப் போன இடத்தில், தலையளவுக் கல் ஒன்று நடுச்சாலையில் கிடக்கிறது. விளக்கொளி அதன்மேல் விழும்போது தூரம் கைமிஞ்சிவிடுகிறது. லாரியைக் காத்த கல் பின்னால் வந்தவனைக் கொல்லுகிறது. கொன்றது யார் வைத்த கல் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. நம் சங்கத்துச் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டி அப்படி ஒரு கல்லை விட்டுப் போயிருந்தால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதே நம் அபிப்பிராயம். கயிறு கட்டிய சொந்தக் கட்டையை எவரும் சாலையில் எறிந்துவிட்டுப் போகமாட்டார். காசு கொடுத்த பொருளல்லவா!

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு, உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது, எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு தக்க ஏற்பாடு செய்தோ, வண்டி தற்செயலாக நகராதபடி உறுதி செய்யாமல் பொது இடத்தில் அதை நிறுத்தக்கூடாது என்கிறது. "வேறு தக்க ஏற்பாடு" என்பதில் கட்டையும் அடக்கந்தான். ஆயினும் கட்டை என்று அது பேர் சொல்லவில்லை. ஜெர்மானியர் பேர் சொல்லியே விதித்திருக்கிறார்கள். அங்கே மொத்த எடை 4 டன்னுக்கு மேற்பட்ட மோட்டார் வண்டி கட்டையின்றிச் சாலைக்கு வரக்கூடாது. மூன்று அச்சுகள் உள்ளதற்கு இரண்டு கட்டைகள் வேண்டும். கட்டை எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும், கீழே விழுந்துவிடக்கூடாது, கடகடக்கவும் கூடாது. கொக்கியிலும் சங்கிலியிலும் தொங்கவிடலாகாது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எளிதில் எடுக்க முடியாத கட்டையை யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற மனித சுபாவத்தை அறிந்தே அவ்வாறு எழுதியிருக்கிறார்கள்.

மனித சுபாவம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஓட்டுநர் ஏன் அவசரப்படுகிறார்? நாம் நடைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு நாலு நடை அடித்தால் அவர் வீட்டில் அடுப்பெரியும். மூன்று நடையென்றால் டீசலுக்குப் போக மிச்சமில்லை. எடைமேடையில் வரிசை நீளுகிறது. கிடங்குக் குமாஸ்தா சாப்பிடப் போயிருக்கிறார். இழந்த நேரத்தை அவர் எங்கே மீட்பார்? கட்டை போடும் அரை நிமிஷத்தில்தான். ஆகவே கட்டையைச் செய்து வைத்துவிட்டு, வாடகை முறையையும் வரிசையையும் பழையபடியே விட்டுவிட்டால், கட்டை மூலையில் கிடந்து கரையான் தின்னும். வண்டி வந்த நேரத்தைச் சீட்டில் குறித்து, ஒரு மணிக்கு மேல் காக்க வைத்தால் காத்திருப்புக் கூலி கொடுப்பது என்று சங்கம் ஏற்றுக்கொள்ளவேண்டும். செலவுதான், ஏழு மாதம் நின்ற தறியின் செலவைவிடக் குறைவு.

கட்டை செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வண்டிக் குடத்துக்கு உதவும் கருவேல மரமே இதற்கும் உதவும். வயிரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து, டயரின் அகலத்துக்குக் குறையாத அகலமும், லாரிக்கு எட்டங்குலத்துக்குக் குறையாத உயரமும், அதற்கு மிகுந்த நீளமும் வைத்து ஆப்பு வடிவத்தில் அறுக்கவேண்டும். சக்கரம் படியும் முகத்தைச் சற்றுக் குடைந்துவிட்டால் டயரோடு நன்கு பொருந்தும். அடிப்புறத்தில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்தால் சிமெண்டுத் தளத்தில் சறுக்காது. ஆணித் தலை மட்டும் வெளியே துருத்தலாகாது. சேற்று நிலத்தில் கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் வைக்கவேண்டும்; இல்லையேல் பாரம் ஏற ஏறக் கட்டை அமிழ்ந்துவிடும். ரப்பர்க் கட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஈரத்தில் மரத்தைவிட அவை நன்றாகப் பிடிக்கின்றன. வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். விரிசல் கண்ட மரக்கட்டையை அன்றே அடுப்புக்குக் கொடுத்துவிடவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்திருப்பது அரைச் செங்கல்லுக்குத் திரும்பிப் போவதே ஆகும்.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் பிரேக், பிறகு எஞ்சினை நிறுத்திக் கியரில் விடுவது, அதன்பிறகே கட்டை. டிரெய்லரானால் கட்டை போட்ட பின்புதான் பின்னைக் கழற்றவேண்டும். இந்த வரிசையை மாற்றுவதுதான் எல்லா அனர்த்தத்துக்கும் வாசல். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில், வலது இடது இரண்டு சக்கரங்களுக்கும், டயரை ஒட்டி நேராக வைக்கவேண்டும். சரிவு தெரியாத இடத்தில் முன்னும் பின்னும் வைப்பது நல்லது. வைப்பவரும் எடுப்பவரும் சக்கரம் உருளக்கூடிய வழியில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கவேண்டும். கட்டைக்கு ஒரு முழக் கயிறு கட்டுவது இதற்காகவே. பாரத்தில் கட்டை இறுகிக்கொண்டால் சம்மட்டியால் அடித்து வெளியேற்ற முயல்வது மடமை. எஞ்சினைக் கிளப்பி வண்டியை ஒரு சாண் மேட்டுப்புறமாக நகர்த்திப் பிரேக்கில் நிறுத்தினால் கட்டை தானே தளர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, யார் போடுவது என்ற தகராறு எழும். ஓட்டுநர் கிளீனரைக் காட்டுவார். கிளீனர் சுமையாளைக் காட்டுவார். நம் யோசனை இது: சாலையில் ஓட்டுநர் பொறுப்பு, களத்துக்குள் சுமையாட்களின் மேஸ்திரி பொறுப்பு. கட்டை விழாமல் ஒரு மூட்டையும் இறங்காது என்று மேஸ்திரி சொன்னால், அவரை எந்த டைரக்டரும், எந்தப் பெரிய மிராசுதாரும், எத்தனை அவசரமாயினும், மறுத்துப் பேசக்கூடாது. மூட்டைமேல் ஏறுகிறவர்கள் அவருடைய ஆட்கள். வண்டிக்குக் கீழே நிற்கிறவர்கள் நம் அங்கத்தினர்கள். நிறுத்தும் உரிமை அவரிடம் இருப்பதே முறை. அவ்வாறு நிறுத்தியதற்காக ஒரு நாள் கூலி குறைந்தாலும் சங்கம் அதை ஈடு செய்யவேண்டும்.

மூன்று விஷயங்களை அடுத்த மகாசபையில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். சங்கக் களத்துக்கு வரும் லாரியும் டிரெய்லரும் கயிறு கட்டிய கட்டை இரண்டாவது வைத்திருக்கவேண்டும். இல்லாதவர்களுக்குச் சங்கமே எடைமேடையில் இரவல் கொடுக்கும். கல்லும் செங்கல்லும் எக்காரணம் கொண்டும் சக்கரத்தடிக்கு வரக்கூடாது. காத்திருப்புக் கூலியும் மேஸ்திரியின் உரிமையும் மேலே சொன்னபடி. எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவோம். சென்ற கூட்டத்திலேயே ஒரு நண்பர், "இதற்கெல்லாம் ஒரு தீர்மானமா?" என்று சிரித்தார். அவருடைய நிலத்துக் கடலைதான் 2018-இல் அந்த டிரெய்லரில் வந்தது என்பதை அவர் மறந்திருக்கலாம். கால் முறிந்தவர் அதே கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தச்சு வேலை அறிந்த அங்கத்தினர் ஒருவர் முதல் நான்கு கட்டைகளைக் கூலியின்றிச் செய்து கொடுத்திருக்கிறார். இரவிலும் தெரியும்படி அவற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து எடைமேடைத் திண்ணையில் வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் சிட்டையில் கையெழுத்திட்டு எடுத்து, போகும்போது திருப்பி வைக்கவேண்டும். மகாசபை கூடும்வரை காத்திராமல் இந்த வாரத்திலிருந்தே அவற்றை உபயோகிக்கலாம்.